கஞ்சி ஜன்னல்

"வாயத் தெறக்காதீங்க அண்ணாச்சி, கத்தி பட்டுரும்" என்றான் சவரம் செய்துகொண்டிருந்த இசக்கிமுத்து. யார் திறந்தது. கோமதிநாயகம் பல்லைத்தான் கடித்தார். அதில் தாடை அசைந்திருக்கும். அசையாமல் எப்படி இருக்கும், முதுகுக்குப் பின்னால் இரண்டு முழம் தள்ளி கம்பி ஜன்னல், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மேலறை என்கிற மேற்கு அறை, மேலறையில் நின்றுகொண்டு அண்ணன் குற்றாலிங்கம் இந்த வீட்டின் சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சரித்திரம். மதுரையில் பேங்க் மேனேஜராக இருந்து, வந்தவனை நிற்க வைத்தே பேசிப் பழகிய குரல். வழுவழுவென்று வருகிறது. எதிரே ஒரு சென்னைப் பெண். பழைய வீடுகளைப் படம்பிடித்து ஊர் உலகத்துக்குக் காட்டுவதே அவளுக்கு வேலையாம். அண்ணன் சட்டையில் குட்டியாக ஒரு மைக்கை மாட்டிவிட்டிருக்கிறாள். அவள் காட்டினால் குற்றாலம் சீசனுக்கு வருகிற கூட்டமெல்லாம் அருவியில் தலையை நனைத்துவிட்டு இங்கேதான் வந்து படுக்குமாம். அண்ணனின் கனவு அது. பூசியாச்சு, வெள்ளையடிச்சாச்சு, கக்கூஸுக்கு வெள்ளைக் கல் பதிச்சாச்சு. சரித்திரம் ஒன்றுதான் மிச்சம். அதையும் இன்றைக்குப் பூசி முடித்துவிடுவார். எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்கலாம். எப்படிக் கேட்பது, தொண்டைக்குழிக்கு மேலே கத்தி நிற்கிறது. கன்னத்தில் நுரை காய்ந்து இழுக்கிறது. சாரல் வேறு பொடிப்பொடியாக விழுந்து இமையில் உட்காருகிறது. எதிரே, புறமுற்றத்துக்கு அந்தப் பக்கம், மாட்டுத்தொழு. தொழு வாசலில் கயிற்றுக்கட்டில். கட்டிலில் சண்முகவடிவு அக்கா, காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து இவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் கேட்கும். கண் பாதி போச்சு, முழங்கால் போச்சு, போன வாரம் விழுந்ததிலிருந்து சோறும் போச்சு. காது மட்டும் போகவில்லை. போயிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"இந்தத் தூண் ஒவ்வொண்ணும் பர்மாவுல இருந்து கப்பல்ல வந்ததும்மா. எங்க தாத்தா சிதம்பரதாண்டவம் தானே நேர்ல போயி மரம் பாத்து எடுத்தார்." தாத்தா தென்காசியைத் தாண்டிப் போனவரில்லை, பர்மாவுக்குப் போனாராம். செங்கோட்டை ரோட்டில் ஒருத்தியின் வீட்டைக் கோர்ட்டில் ஜெயித்து, அவளை வெளியே நிறுத்திவிட்டு, அவள் கண் முன்னாலேயே கூரையைப் பிரித்து உருவிக்கொண்டு வந்த தூண்கள் அவை. அளவு சேரவில்லை. அதனால்தான் வடக்குத் தூணுக்கு அடியில் கல் முட்டுக் கொடுத்திருக்கிறது. கேளேன் பெண்ணே, கப்பலில் வந்த தூணுக்குக் கல் எதுக்குன்னு கேளேன். அவள் கேட்கவில்லை. "சூப்பர் சார்" என்றாள். "மாடியில இருக்கிற அறை?" "அது எங்க சின்னத்தாத்தா இருந்த எடம். சித்தர் மாதிரி. பேச்சே கெடையாது, மௌனம்தான்." மௌனம். தாத்தா யார் யார் வயலை எப்படி எப்படிச் சுருட்டினார் என்று சின்னத்தாத்தா மச்சில் நின்று தெருவுக்குக் கேட்கக் கத்துவார். கத்தினால் வாயில் துண்டைத் திணித்துத் தூணோடு கட்டுவார்கள். கட்டினால் மௌனம்தான், வேறென்ன. "அண்ணாச்சி, கழுத்து நரம்பு பொடைக்கு, கொஞ்சம் லேசா விடுங்க. என்ன ரோசன?" என்றான் இசக்கிமுத்து. ஊம் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. முப்பது வருசம் பஸ் ஓட்டியவர். மலைப்பாதையில் எதிரே லாரி வந்தால் ஹார்ன் அடிக்கத்தான் பழக்கம், ஒரு அடி, அதோடு சரி, பேச்சு கீச்செல்லாம் வராது. இப்போது அடிக்க ஹார்னும் இல்லை. உள்ளே அண்ணன், முன்னால் இங்கே வாடகைக்கு இருந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டரின் கதைக்கு வந்துவிட்டார். பெரிய சங்கீத வித்வானாம் அவர். ஆர்மோனியத்தில் ஒரே ஒரு பாட்டு தெரியும் அந்த ஆளுக்கு, அதுவும் பாதி. வாசிக்க ஆரம்பித்தால் மாடு பால் சொரியாது. "ஏ கோமதி, அந்த மனுசன் பொட்டிய மூடச் சொல்லு, இல்லன்னா அவரையே வந்து கறக்கச் சொல்லு" என்பாள் அக்கா. அக்கா சொன்னால் வாயில் துண்டு திணிக்க ஆள் கிடையாது. அதற்குள் அவள் தொழுவுக்கு வந்திருந்தாள். தொழுவில் இருந்து சொல்வது வீட்டில் சொன்னதாக ஆகாது. இந்த வீட்டில் தோதுப்படாதவனை எங்கேயாவது ஒரு மூலையில் வைத்துவிடுவார்கள். மச்சில் ஒருத்தர், தொழுவில் ஒருத்தி. மிச்சப்பேர்தான் சரித்திரம்.

"இங்க பாருங்கம்மா, இதுதான் இந்த வீட்டோட விசேஷம்." கோமதிநாயகத்தின் முதுகு விறைத்தது. விரலால் சுவரைத் தட்டும் சத்தம். தட்டுகிற இடம் தெரியும். ஜன்னலுக்குப் பக்கத்தில், ஆள் குனிந்தால் நுழைகிற அளவில், ஒரு சதுரம். எத்தனை தடவை பூசினாலும் மழைக்காலத்தில் அந்தச் சதுரம் மட்டும் தனியாக ஈரம் காட்டும். சுற்றிலும் பழைய சுண்ணாம்புச் சுவர், நடுவில் அவசரத்துக்கு மண் வைத்து அடைத்த செங்கல். "ஒரு பஞ்ச காலத்துல இந்த வழியாத்தான் எங்க தாத்தா வர்றவங்களுக்கெல்லாம் கஞ்சி ஊத்துனார். கஞ்சி ஜன்னல்னே பேரு. ஒருத்தரும் பசியோட திரும்பக் கூடாதும்பார். அப்புறம் அடைச்சிட்டாங்க. இப்ப அத அப்படியே சட்டம் அடிச்சு, கண்ணாடி போட்டு, லைட் வைக்கப் போறோம். கொத்தனார் வந்து காத்துக்கிட்டிருக்கார்." "சார், இதுதான் சார் ஸ்டோரி, இத மறுபடி ஒரு தடவ சொல்லுங்க, கைய அந்த எடத்துல வெச்சு." சொல்கிறார். கை வைத்தே சொல்கிறார். அந்தக் கை வைக்கலாமா அங்கே. தாத்தா கஞ்சி ஊற்றினாரா. நெல்லைப் பூட்டி வைத்து விலை ஏறட்டும் என்று இருந்த மனுசன். கத்தி கன்னத்தில் கரகரவென்று இறங்குகிறது. இறங்கட்டும். எதிரே அக்கா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருக்கிறாள். அவளுக்குக் கேட்டுவிட்டது. சிரிக்கிறாளா. சிரித்தால் தோள் குலுங்கும், குலுங்குகிறது. இருமலாகவும் இருக்கலாம். அந்தச் சுவர் எப்போது உடைந்தது என்று தெரிந்தவர்கள் மூன்று பேர்தான் இப்போது உயிரோடு இருக்கிறோம், ஒருத்தர் பொய் சொல்கிறார், ஒருத்தி சிரிக்கிறாள், ஒருத்தன் முகத்தைக் கத்திக்குக் கொடுத்துவிட்டுக் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறான். ஐம்பது வருசம் இருக்கும், அண்ணன் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டிருந்தது. புருசன் செத்து வீட்டுக்கு வந்த அக்கா விஷக்காய்ச்சலில் இந்த மேலறையில்தான் கிடந்தாள். நாக்கு உள்ளே போய்விட்டது, வைத்தியர் கையை விரித்துவிட்டார். ஜோசியர் வந்து விரலை மடக்கிப் பார்த்தார். நாளைக்குள்ள போயிரும், நாளைக்கு அவிட்டம், அவிட்டத்துல போனா ஆறு மாசம் அடைப்பு, வீட்டப் பூட்டிப் போட்டுட்டு வெளியேறணும் என்றார். அடைப்பு நட்சத்திரத்தில் செத்தால் பிணத்தை வாசல் வழியாகக் கொண்டுபோகக் கூடாது, சுவரை இடித்து அந்த வழியாகத்தான் எடுப்பார்கள், எடுத்த பிறகு அடைத்துவிடுவார்கள், சாவுக்கு வாசல் தெரிந்துவிடக் கூடாதாம். ஊரில் அப்படி எடுத்திருக்கிறார்கள். ஆனால் செத்த பிறகு. இந்த வீட்டில்தான் சாகிறதுக்கு முன்னாலேயே எடுத்தார்கள். வீட்டுக்குள் சாகாமல் இருந்தால் அடைப்பு இல்லை, அடைப்பு இல்லாவிட்டால் கல்யாணம் நிற்காது. அப்பா ஆவுடையப்பன் அந்தக் கணக்கைப் போட்டார். "வாசல் வழியா வேண்டாம், எதுக்கும் சுவத்து வழியாவே எடுத்துருவோம்" என்றார். எதுக்கும்! கடப்பாரை விழ விழ அக்காவின் கண் இமை துடித்தது. பார்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் துடித்தது. கேட்டுக்கொண்டே கிடந்திருக்கிறாள். பாயோடு தூக்கி, கால் முன்னால் போக, அந்த ஓட்டை வழியாக வெளியே நீட்டினார்கள். மறுபக்கத்தில் ஆட்கள் நின்று வாங்கினார்கள். தொழுவில் வைக்கோலைப் பரப்பிப் போட்டார்கள். பொழுது சாய்வதற்குள் ஓட்டையை அடைத்தாயிற்று. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செங்கல் எடுத்துக் கொடுத்தார். இப்போது கை வைத்துக்கொண்டு நிற்கிறாரே, அதே கைதான்.

செத்தாளா. சாகவில்லை. அதுதானே யாருக்கும் பொறுக்கவில்லை. அவிட்டம் போயிற்று, சதயம் போயிற்று, கல்யாணத்தன்று மேளச்சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். தொழுவுக்குச் சாணி அள்ளப் போனவள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். பந்தலில் அப்பாவின் முகம், மகள் பிழைத்துக்கொண்டாள் என்று கேட்ட தகப்பன் முகமா அது, திருடன் வந்துவிட்டான் என்று கேட்ட முகம். ஜோசியர் மறுபடி விரலை மடக்கினார். சுவர் வழியாகப் போன உடம்பு வாசல் வழியாக வந்தால் கூடவே வேறொன்றும் வரும் என்றார். வரவேண்டாம், அங்கேயே இருக்கட்டும், கஞ்சி கொடுத்தனுப்புங்கள். ஆமாம், கஞ்சி. அண்ணன் சொல்வதில் அந்த ஒரு சொல் நிஜம். அலுமினியத் தூக்கில் கொண்டுபோய்த் தொழு வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். அவள் பிழைத்தாள். மாடு வளர்த்தாள். பால் ஊற்றினாள். தொழுவுக்குப் பாதி ஓடு போட்டுச் சுவர் எழுப்பிக்கொண்டாள். தீபாவளிக்குச் சேலை கொண்டுபோனால், "செத்தவளுக்கு எதுக்குல சேல, நீ கெட்டிக்கோ" என்பாள். ஊரில் யாராவது செத்தால், "நாந்தான் சீனியர், எங்கிட்டச் சொல்லாமப் போயிட்டான்" என்பாள். அப்பாவுக்கு வயசாகி மனசு இளகி, ஒருநாள் முற்றத்தில் வந்து நின்று, "வடிவு, வாசல் வழியா வந்துரும்மா, பரிகாரம் பண்ணிக்கிடுவோம்" என்றபோது அவள் மாட்டின் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. "எந்த வழியா அனுப்புனீரோ அந்த வழியத் தெறந்து கூப்பிடும், வாரேன்" என்றாள். அதை மட்டும் அப்பாவால் செய்ய முடியவில்லை. அந்தச் சுவரைத் திறந்தால் அன்றைக்கு ஏமாந்து போன சாவு பாக்கியைக் கேட்டு வரும், இந்த வீட்டில் ஓர் ஆண்பிள்ளையைக் கொண்டுபோகும் என்று பயந்தார். பயத்தோடேயே போய்ச் சேர்ந்தார், வாசல் வழியாக, மரியாதையாக. அப்புறம் அண்ணன். "அவளுக்கு வேணும்னா வாசல் இருக்கு, யார் தடுத்தா" என்பார். யார் தடுத்தா. வண்டியை மறித்து நிறுத்திவிட்டு ஏன் போகவில்லை என்று கேட்கிற மாதிரி. எனக்கு மட்டும் பயம் இல்லையா. இருந்தது. இருக்கிறது. ராத்திரி சாரல் அடித்துச் சுவரில் அந்தச் சதுரம் ஈரமாகும்போது எழுந்து விளக்கைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். திறந்தால் யாரைக் கொண்டுபோகும், அண்ணனையா, என்னையா, என்னையென்றால் என்ன, எழுபது தாண்டியாச்சு, பெண்டாட்டி போயாச்சு, வண்டியை டிப்போவில் விட்டாச்சு. அப்படியும் விளக்கை அணைப்பதில்லை. வெட்கமாக இருக்கிறது.

"அண்ணாச்சி, ஒரு பக்கம் ஆச்சு, மொகத்தத் திருப்புங்க" என்று தாடையைப் பிடித்து வடக்கே திருப்பினான் இசக்கிமுத்து. இப்போது அக்கா கண்ணுக்குத் தெரியவில்லை. கொத்தனார் பரமசிவம் தெரிகிறான், சுவரோரம் குத்துக்காலிட்டு, பக்கத்தில் சாந்துச்சட்டி, கடப்பாரை, சுவரில் சாத்திவைத்த புதுச் சட்டம். கண்ணாடி வேறு. கண்ணாடி போட்டு லைட் எரிய விட்டால் அப்புறம் அது என்றென்றைக்கும் கஞ்சி ஜன்னல்தான். வருகிறவன் போகிறவனெல்லாம் அதன் முன்னால் நின்று பல்லைக் காட்டிப் படம் எடுப்பான். முந்தாநாள் கேட்டாயிற்று அண்ணனிடம். டாக்டர் அக்காவின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிய அன்றைக்கே கேட்டேன். சுவரை எடுத்துரலாம், அவள் ஒருதடவை உள்ளே வந்துட்டுப் போகட்டும். "சீசன் முடியட்டும் கோமதி, மொதல் மொதல்ல ஆளுங்க வந்து தங்குற நேரம், வீட்டுக்குள்ள ஏதாவது ஆயிருச்சுன்னா?" ஏதாவது. அன்றைக்கு எதுக்கும், இன்றைக்கு இது, அதே வீடு. அப்போது பந்தக்கால், இப்போது சீசன். எதையாவது ஒன்றைக் காப்பாற்றுவதற்காக அவளை வெளியேவே வைத்திருக்கிறது இந்த வீடு. நான் என்ன சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். எப்போதும் அப்படித்தான். கோபம் வந்தால் சொல் வராது, சொல் வருகிறபோது எதிரே ஆள் இருக்கமாட்டான். "இன்னும் கொஞ்சந்தான், மீச ஓரம்" என்றான் இசக்கிமுத்து. உள்ளே அந்தப் பெண் கேட்கிறாள்: "சார், இந்த வீட்டுல பொறந்தவங்க இப்ப எத்தன பேர் இருக்கீங்க?" கேள். கேள் பெண்ணே, நல்ல கேள்வி. கத்தி கன்னத்தின் நடுவில். சாரல் நின்றது போல் இருந்தது. அண்ணன் தொண்டையைச் செருமினார். சொல்லப்போகிறார், இத்தனை வயசுக்கு மேலே இதிலாவது. "நாங்க ரெண்டே பேருதாம்மா. நானும் எந்தம்பியும். அவ்வளவுதான்."

"அய்யய்யோ அண்ணாச்சி!" கன்னத்தில் சுரீரென்றது. எழுந்துவிட்டிருந்தார். நுரையில் ரத்தம் இறங்கி ரோஸ் நிறமாக ஓடுகிறது. கழுத்தில் கட்டியிருந்த துணி முன்னால் தொங்குகிறது. "பாதியில எந்திரிக்காதீங்க, ஆகாது!" என்று இசக்கிமுத்து கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். கோமதிநாயகம் நாலே எட்டில் பரமசிவத்திடம் போனார். "எடு அத." "எத ஐயா?" "கடப்பாரைய." "சட்டம் அடிக்கத்தான பெரியையா சொல்லியிருக்காவ..." "எடுல." அவன் எடுப்பதற்குள் இவரே எடுத்துவிட்டார். கை அவ்வளவு கனத்தை எதிர்பார்க்கவில்லை, தோள்பட்டை முறுக்கியது. சதுரத்தின் நடுவில் விட்டார். பூச்சு பெயர்ந்து விழுந்தது, புது வெள்ளை, அதற்குக் கீழே பழைய வெள்ளை, அதற்கும் கீழே மண். உள்ளே அண்ணன் "யார்ரா அது, யார்ரா?" என்று அலறிக்கொண்டு ஜன்னலில் முகத்தைக் கொண்டுவந்து வைத்தார். "ஏல கோமதி! என்னல செய்த? பைத்தியமா பிடிச்சிருக்கு? மொகத்தப் பாரு, ரத்தம்!" இன்னொரு அடி. அதே சத்தம்தான். அன்றைக்குக் கேட்ட அதே சத்தம், வாரது வரட்டும், வந்தா எங்கிட்ட வரட்டும். "தள்ளி நில்லு" என்றார் கோமதிநாயகம். "கல்லு விழும்." "அப்பா என்ன சொன்னார்னு மறந்து போச்சா உனக்கு?" "ஒண்ணும் மறக்கல." இன்னொரு அடி. செங்கல் ஒன்று உள்ளே போய் விழுந்தது. அந்த ஓட்டை வழியாகச் சென்னைப் பெண்ணின் கால் தெரிந்தது, பிறகு முகம் குனிந்து வந்தது, பயந்த முகம். "தாத்தா, இது கஞ்சி..." "ஜன்னல் இல்லம்மா. எங்க அக்காவ உசுரோட வெளிய போட்ட வழி. அன்னா கட்டில்ல இருக்கா பாரு. பேரு சண்முகவடிவு. இந்த வீட்டுல மொதல்ல பொறந்தவ." அவ்வளவுதான். இத்தனை நாளும் இதைச் சொல்லத்தானா இவ்வளவு பல்லைக் கடித்தது. அண்ணன் ஏதோ சொன்னார், அம்மா அதை ஆஃப் பண்ணும்மா, ஆஃப் பண்ணு என்றார். அவள் பண்ணினாளா இல்லையா, இவருக்கு அக்கறை இல்லை. பரமசிவம் எழுந்து பக்கத்தில் வந்து நின்று, ஒன்றும் கேட்காமல், தளர்ந்த கல்லைக் கையால் உருவ ஆரம்பித்தான். மண் வைத்து அடைத்தது, அவசரத்து வேலை, பொலபொலவென்று வந்தது. இவ்வளவு லேசா. இவ்வளவு லேசா இருந்திருக்கு இது.

முதுகுக்குப் பின்னால் கட்டில் கயிறு கிறீச்சிட்டது. பிறகு கோல் தரையில் ஊன்றும் சத்தம். ஊன்றும், நிற்கும், மூச்சு வாங்கும், மறுபடி ஊன்றும். கோமதிநாயகம் திரும்பவில்லை. திரும்பினால் ஓடிப்போய்த் தாங்கிப் பிடிக்கத் தோன்றும், பிடித்தால் கையைத் தட்டிவிடுவாள். கோல் பக்கத்தில் வந்து நின்றது. சாணி வாசமும் பால் வாசமும் வந்தது. ஓட்டை இப்போது இடுப்பு உயரத்துக்கு இருந்தது, பாயில் கிடந்த ஒரு உடம்பை நீட்டுகிற அளவு, அன்றைக்கு இருந்த அதே அளவு. உள்ளே மேலறையின் தரை தெரிந்தது, புதிதாக மெழுகிய சிவப்புத் தரை, அண்ணனின் செருப்புக் கால், சென்னைப் பெண் விட்டு விலகிய இடம். அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டையைப் பார்த்தாள். பிறகு இவரைப் பார்த்தாள். "பாதி மொகத்த மழிச்சிட்டு நிக்க, கோட்டிக்காரப் பயல்" என்றாள். இவர் கடப்பாரையைத் தாழ்த்தினார். "வா" என்றார். அவ்வளவுதான் வந்தது. அக்கா நகரவில்லை. கோலைத் தூக்கி, ஓட்டைக்கு மேலே இன்னும் உதிராமல் நின்ற செங்கல் வரிசையைத் தட்டினாள், மேஸ்திரி வேலை சொல்கிற மாதிரி. "இதயும் எடு" என்றாள். "அன்னைக்குப் படுத்துப் போனேன். இன்னைக்குக் குனிஞ்சு வரமாட்டேன்." கோமதிநாயகம் கடப்பாரையை மறுபடி ஓங்கினார்.